ஏழு இன்ச் பிளாட்டர்: தங்கல் போட்டுக்குச் சரிப்படுமா?

பிளாட்டர் என்றால் போட்டு இருக்கும் இடத்தையும் வந்த தடத்தையும் கடல் படத்தின்மேல் காட்டும் ஜிபிஎஸ் பெட்டி. கடையில் பளபளவென்று திரையைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, கையெல்லாம் மீன் வழுவழுப்போடு, போட்டு உருண்டுகொண்டிருக்கும்போது ஒரு இடத்தை இந்தப் பெட்டியில் குறிக்க முடியுமா என்று பாருங்கள். எங்களுடையதில் முடிகிறது. அதனால் இந்த விமர்சனம் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் இருக்கும். குறைகளும் உண்டு, வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் போட்டு வலையும் ஆயிரங்கால் தூண்டிலும் (நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் கட்டியது) ஏற்றிக்கொண்டு தங்கல் போகிறது, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறது. ஆட்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கோடியில் இருக்கும் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளைக்காரர்கள். நீரோடிக்கு அடுத்த துறை பொழியூர், அது கேரளா. பதிவு இந்தப் பக்கம் தேங்காப்பட்டணத்தில், மீன் இறக்குவது பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியில். பெட்டி வாங்கியதும் கொச்சியில்தான். கடைக்காரர் மலையாளத்தில் சொல்லிக்கொடுத்தார், புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, போட்டில் பேச்சு தமிழ். கம்பெனிப் பெயர் எழுதவில்லை. ஏழு இன்ச் கலர் திரை, உள்ளேயே எக்கோ (ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி), வெளியே காளான் மாதிரி ஆன்டெனா என்று இதே அமைப்பில் நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன. மெனுவும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சொல்வது பாதிக்கு மேல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் நல்ல விஷயம், இதில் பட்டன் இருக்கிறது. தொடுதிரை மட்டும் உள்ள பெட்டிகள் கடையில் அழகாக வேலை செய்யும். கேபின் ஜன்னல் வழியாக உப்புத்தண்ணீர் தெறித்துத் திரையில் நான்கு சொட்டு விழுந்தால், அந்தச் சொட்டுகளும் விரல்தான் என்று நினைத்துக்கொண்டு அதுவாகவே படத்தை இழுக்கும். இதில் இடம் குறிக்கத் தனி பட்டன். ஒரு அழுத்து, 'டிக்' என்று ஒரு சத்தம், இடம் பதிந்துவிடும். அதே பட்டனைப் பிடித்து அழுத்தினால் ஆள் கடலில் விழுந்த இடமாகக் குறித்துக்கொண்டு, அங்கே திரும்பிப் போகத் திசையும் தூரமும் காட்டும். இதைப் போட்டில் ஏறுகிற எல்லாரும், சமைக்கிற பையன் உட்பட, தெரிந்துவைத்திருக்க வேண்டும். குறித்த இடம் அங்கேயே நிற்கும், விழுந்தவர் நீரோட்டத்தோடு போவார் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வெளிச்சம் ஒரு குறை. எவ்வளவு குறைத்தாலும் ராத்திரியில் திரை கண்ணைக் கூசவைக்கிறது. நைட் கலர் என்று ஒன்று இருக்கிறது, கறுப்புப் பின்னணியில் சிவப்பும் பச்சையுமாக வரும். அதைப் போட்ட பிறகும் அதைப் பார்த்துவிட்டு வெளியே பார்த்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. முன்னால் விளக்கில்லாத வள்ளம் ஒன்று கிடந்தால் அவ்வளவுதான். நாங்கள் கண்ணாடிக் கடையில் கறுப்பு பிலிம் வெட்டி ஒட்டிவிட்டோம்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை, இடம் காட்டும் முறையைச் சரிபார்ப்பது. டிகிரி, நிமிஷம், நிமிஷத்தின் தசமம் என்று ஒரு முறை. டிகிரி, நிமிஷம், விநாடி என்று இன்னொரு முறை. ஒயர்லெஸ்ஸில் ஒரு போட்டுக்காரர் 'எட்டு, பதினாலு, அஞ்சு பூஜ்யம் பூஜ்யம்' என்று சொன்னால் அது 14.500 நிமிஷம், அதாவது பதினாலரை நிமிஷம், விநாடிக் கணக்கில் 14 நிமிஷம் 30 விநாடி. கேட்பவருடைய பெட்டி விநாடியில் இருந்து, அவர் 14 நிமிஷம் 50 விநாடி என்று போட்டுவிட்டால் இருபது விநாடி வித்தியாசம். அட்சரேகையில் ஒரு நிமிஷம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். இருபது விநாடி என்றால் அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டோம். மீன் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) நிற்கும், நாம் வெறும் மணலில் வலையை இறக்கிக்கொண்டிருப்போம். நம் பக்கத்துப் போட்டுகள் பெரும்பாலும் தசம முறையில்தான் பேசுகின்றன, அதையே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே டேட்டம் (இடக் கணக்குக்கு அடிப்படையான பூமி அளவு) என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் இடம் தள்ளிக் காட்டும், ஏன் என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆழத்தைப் பாகத்திலும் (ஒரு பாகம் ஆறடி) வைக்கலாம், மீட்டரிலும் வைக்கலாம். எங்கள் போட்டில் மூத்தவர்கள் பாகத்தில் சொன்னால்தான் தலையாட்டுவார்கள்.

அடுத்தது அம்பு. புதிதாக வருகிற பையன்கள் குழம்புவது இங்கேதான். திரையில் நம் போட்டைக் காட்டும் அந்தச் சின்ன அம்பு, முன்னணியம் (போட்டின் முன்முனை) பார்க்கும் திசையைக் காட்டுவதில்லை. கடைசியாக எந்தப் பக்கம் நகர்ந்தோமோ அதைத்தான் காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தூண்டில் இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்திக் கிடக்கும்போது, நகர்வு மிகக் குறைவு என்பதால் அம்பு நினைத்த பக்கமெல்லாம் திரும்பும். ஒரு பையன் பயந்துபோய், "மாமா, போட்டு சுத்துது!" என்று எழுப்பினான். பெரியவர் எழுந்துகூட உட்காரவில்லை. "அம்புதான் மக்கா சுத்துது. கம்பாஸைப் பாத்துட்டுப் படு" என்றார். திசை காட்டும் தனி சென்சார் வாங்கிப் பொருத்தினால் இது சரியாகும். நாங்கள் வாங்கவில்லை, கம்பாஸ் இருக்கிறது.

கிடக்கும்போது இன்னொரு தொல்லை, வந்த தடம். தடத்தை நேரக் கணக்கில் பதியவிட்டால், ஒரே இடத்தில் கிடந்தாலும் புள்ளி வைத்துக்கொண்டே இருக்கும். விடிந்து பார்த்தால் சிக்கு விழுந்த தங்கூசி (தூண்டில் நரம்பு) மாதிரி ஒரு குவியல். நினைவகம் நிறைந்ததும் பழைய தடத்தை அழித்துக்கொண்டு புதியதை எழுதும். தூரக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு இந்தத் தடம்தான் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியாகிவிட்டது. சாயங்காலம் தூண்டிலின் முதல் மிதவையை விட்ட இடத்தைக் குறிக்கிறோம், கடைசி மிதவையையும் குறிக்கிறோம். விடிகாலையில் அங்கே போனால் மிதவை இருக்காது, நீரோட்டம் இழுத்திருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்? நாமும் ராத்திரி முழுக்க இழுபட்டுத்தான் கிடந்தோம். தடத்தின் ஆரம்பத்தில் கர்சரை வைத்தால் திசையும் தூரமும் திரையின் ஓரத்தில் வரும். அதை வைத்துத் தேடலாம். ஆனால் அதே திசையில் நேராக ஓட்டினேன் என்றால் பெரியவர் விடமாட்டார். "போட்டுக்குக் காத்து புடிக்கும், தூண்டிலுக்கு ஒழுக்கு புடிக்கும். ரெண்டும் ஒண்ணில்ல" என்பார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்த்து அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு போனால், முதல் மிதவையின் கொடி பெரும்பாலும் பார்வைக்குள் வந்துவிடும். இந்தக் கழித்தலுக்கு மெனுவில் பட்டன் கிடையாது.

இனி படம். உள்ளேயே கடல் படம் போட்டுத்தான் வருகிறது. ஆன் செய்ததும் இதை மட்டும் நம்பி ஓட்டாதே என்று ஒரு எச்சரிக்கை வரும், எல்லாரும் படிக்காமல் ஓகே அழுத்துவோம். அது சொல்வது உண்மை. பெரிதாக்கிக்கொண்டே போனால் படமும் பெரிதாகும், விவரம் கூடாது. நமக்குத் தெரிந்த பார்களில் பாதிக்கு மேல் அதில் இல்லை. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு ஆலப்புழைக் கடலுக்கு வெளியே மூழ்கியது, கண்டெய்னர்கள் கொல்லம், திருவனந்தபுரம் கரைவரை ஒதுங்கின. அதற்கு முன்னால் அச்சான படத்தில் அந்தக் கப்பல் எப்படி இருக்கும்? அப்டேட் கார்டு வாங்கிப் போட வேண்டும், இல்லையென்றால் நாமே குறித்துக்கொள்ள வேண்டும். வலை அதில் சிக்கும் என்பதால் வலைக்காரர்களுக்கு இது முக்கியம்.

எல்லைக்கோடும் அப்படித்தான். மேற்கே ஓடுகிற போட்டுகளுக்கு லட்சத்தீவின் மினிக்காய்க்குத் தெற்கே மாலத்தீவு எல்லை இருக்கிறது, 1976 ஒப்பந்தத்தில் போட்டது. இன்னும் தெற்கே ராணுவத் தளம் இருக்கும் டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிடிபட்ட நம் தூத்தூர்ப் பகுதிப் போட்டுகளின் கதை எல்லாருக்கும் தெரியும். படத்தில் இருக்கும் கோட்டை மட்டும் நம்பாமல், கோட்டுக்கு இந்தப் பக்கமாகச் சில மைல் விட்டு நாமே ஒரு கோடு போட்டு, அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. எஞ்சின் சத்தத்தில் இந்த அலாரம் கேட்காது என்பது இந்தப் பெட்டியின் அடுத்த குறை. வெளியே தனியாக ஒரு பஸ்ஸர் இணைக்க ஒயர் கொடுத்திருக்கிறார்கள், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இணைத்துவிடுங்கள்.

மினிக்காய்க்கு வடக்கே கப்பல்கள் ஓடும் ஒன்பது டிகிரி கால்வாயில் ராத்திரி கப்பல் வருவதை இது காட்டும் என்று நினைக்க வேண்டாம். கப்பல் தெரிய ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் அறிவிப்பதை வாங்கிக் காட்டும் கருவி) வேண்டும், அது வேறு சாமான். இப்போது விழிஞ்ஞம் துறைமுகமும் வந்துவிட்டது, நம் வீட்டு வாசலிலேயே பெரிய கப்பல்களின் நடமாட்டம். கண்ணை வெளியே வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எக்கோவைப் பற்றிச் சுருக்கமாக: ஒலியின் அதிர்வெண் 200 கிலோஹெர்ட்ஸ் கரைப்பக்கத்து ஆழத்துக்கு, 50 கிலோஹெர்ட்ஸ் ஆழம் கூடினால். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழம் குறைந்த வெட்ஜ் பேங்க் பக்கம் அடித்தளம் தெளிவாக வருகிறது. ஆயிரம் பாகக் கடலில் ஒன்றும் வராது, அங்கே அதை அணைத்துவைத்தால் பேட்டரியாவது மிஞ்சும்.

பேட்டரி என்றதும் சொல்கிறேன். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே இதற்கும் லைன் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரத்தில் வோல்ட் இறங்கி, பெட்டி அணைந்து திரும்ப எழும். தனி பேட்டரி, தனி பியூஸ். ஆன்டெனாவை ஒயர்லெஸ் கம்பிக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள், வானம் நன்றாகத் தெரிகிற இடத்தில் வையுங்கள். பின்பக்கத்துப் பின்களில் பச்சை பிடிக்கும், வாசலின் தடவி ரப்பர் டேப் சுற்றினால் தாங்கும்.

எங்கள் பழைய பெட்டியை மாற்றக் காரணமே வேறு. 2019 ஏப்ரலில் ஒரு நாள் அதன் தேதி 1999 ஆகஸ்டுக்குப் போய்விட்டது. கெட்டுப்போனதென்று நினைத்தோம். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுத் திரும்பப் பூஜ்யத்தில் ஆரம்பிக்குமாம், பழைய பெட்டிகளுக்கு அது புரியாது. இடம் சரியாகத்தான் காட்டியது, அதனால் அதையே வைத்து ரொம்ப நாள் ஓட்டினோம். பிறகு ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தமாக ரீசெட் அடித்துக் கொடுத்தார்கள். குறித்து வைத்த பார்கள், மூழ்கிய கப்பல்கள், சூரை மீன் கிடைத்த இடங்கள் எல்லாம் போச்சு. கேட்டதற்கு, "இப்ப நல்லா ஓடுதுல்லா?" என்றார் கடைக்காரர். போட்டில் எஞ்சினுக்கு அடுத்த சொத்து அந்தப் புள்ளிகள்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

புதுப் பெட்டியில் மெமரி கார்டு போடும் வாய் இருக்கிறது, மொத்தப் புள்ளிகளையும் அதில் எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இல்லாத பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். புள்ளிக்குப் பெயர் ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும், அதுவும் ஒவ்வொரு எழுத்தாக அம்பு பட்டனை அழுத்தி. இது பெரிய சலிப்பு. பெயரே வைக்காமல் எண்ணை மட்டும் விட்டு, எந்த எண் எந்த இடம் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறோம். அதில் ஒரு லாபமும் இருக்கிறது. துறைமுகத்தில் கேபினுக்குள் வந்து, பேசிக்கொண்டே செல்போனில் திரையைப் படம் பிடிக்கிற நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. எண்களைப் படம் பிடித்துக்கொண்டு போகட்டும். இருந்தாலும் கரை பிடித்ததும் திரைமேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவேன்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2017 ஒக்கிப் புயலின்போது, "எல்லா போட்டிலும் ஜிபிஎஸ் இருக்கே, ஏன் கண்டுபிடிக்க முடியல?" என்று கரையில் பலரும் கேட்டார்கள். பிளாட்டர் செயற்கைக்கோளிடமிருந்து வாங்கும், எதையும் திருப்பி அனுப்பாது. நாம் எங்கே என்று நமக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. புயல் எச்சரிக்கையும் இதில் வராது. அதற்கு இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர் வேண்டும், மத்திய அரசுத் திட்டத்தில் போட்டுகளுக்குப் பொருத்துகிறார்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அதையும் வையுங்கள், இதை வாங்கிவிட்டோம் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

எண்பதாயிரத்துக்குள் முடிந்தது, பொருத்துகூலி தனி. தங்கல் போட்டுக்கு இந்த வகைப் பெட்டி போதும். ஒரே நாளில் போய் வருகிற வள்ளத்துக்கு இவ்வளவு தேவையில்லை, ஐந்து இன்ச் போதும். திரைமேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடியைத் தனியாக விலை போட்டு விற்பார்கள், பேரம் பேசிச் சும்மாவே வாங்கிவிடுங்கள்.