பழைய டீசல் காருடன் ஏழு வருடம்: இன்ஜின் சூடும் பஞ்சரும்

2018-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டீசல் கார். வீடு பொள்ளாச்சியில், வேலை வால்பாறைப் பக்கம். மாதம் நான்கு முறையாவது மலை ஏறி இறங்கும். மைலேஜ், சொகுசு எதிலும் குறையில்லை. என்னை ரோட்டில் நிறுத்தியவை இரண்டுதான்: இன்ஜின் சூடு, டயர்.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு ஏப்ரல் மதியம், காரில் ஐந்து பேர், ஏசி ஓடுகிறது, செகண்ட் கியரை விட்டு மாறவே முடியவில்லை. எல்லோரும் அணையைப் பார்க்க நிற்கும் ஒன்பதாவது வளைவில் நடுவில் இருந்த டெம்பரேச்சர் முள், பதினான்காவது வளைவில் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டர் மூடியோரம் ‘உஸ்’ என்று ஆவி. மூடியைச் சுற்றி கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து காய்ந்த பச்சைத் தடம். முக்கால் மணி நேரம் எதையும் தொடவில்லை. சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அதன் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடலாம்.

மெக்கானிக் கழற்றிக் காட்டியது அந்த மூடியைத்தான். உள்ளே ரப்பர் வாஷர் காய்ந்து பிளந்திருந்தது. மூடி பிடித்து வைக்கும் அழுத்தம் ஒரு பார் அளவில் இருந்தால் தண்ணீர் கொதிக்க 120 டிகிரி வரை ஆகும். அழுத்தம் நிற்காவிட்டால் 100-லேயே கொதித்து வெளியே போய்விடும். மாதக்கணக்கில் கூலண்ட் குறைந்தது இதனால்தான். நானோ குறையும்போதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறேன். ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாக உப்பு படிந்திருந்தது. மூடி மலிவு, ரேடியேட்டர் மாற்றிய செலவுதான் வலித்தது. இப்போது கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

அடுத்த வருடம் மறுபடி சூடு, ஆனால் கோவை காந்திபுரம் சிக்னலில். பைபாஸில் முள் அசையவில்லை, நின்றால்தான் ஏறியது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. அதனால் நேராக ஃபேனைப் பார்க்கச் சொன்னேன். அதற்குக் கரண்ட் விடும் ரிலே போயிருந்தது. எப்போது சூடாகிறது என்று கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம்.

டயர் கதை உடுமலை – பழனி ரோட்டில், இரவு ஒன்பது மணிக்கு. பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறதே என்ற தைரியத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டேன். நட்டைத் திருகினால் சக்கரமே சேர்ந்து சுற்றியது. ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். “மொதல்ல இறக்குங்க தம்பி. கீழ இருக்கறப்பவே நட்டை லூஸ் பண்ணோணும், அப்புறந்தான் தூக்கோணும்” என்று சொல்லி, ஸ்பேனரில் ஒரு இரும்பு பைப்பைச் சொருகிக் கொடுத்தார். காற்றுத் துப்பாக்கியில் முறுக்கிய நட்டு, பைப் இல்லாமல் அசைந்திருக்காது. ஸ்டெப்னியை மாட்டி இறக்கினால் அதுவும் சப்பை. அவர் லாரியிலிருந்தே காற்றுப் பிடித்துத் தந்தார். அந்த மனிதரை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றிலிருந்து டிக்கியில் ஒரு பைப், 12 வோல்ட் பம்ப், சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க இரண்டு கட்டைகள். ஸ்டெப்னிக்கும் மாதம் ஒருமுறை காற்று. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் ரோட்டில் பிடுங்குவதில்லை. காற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போய்விடுவேன். பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டச் சொல்வதில்லை, டயரையே மாற்றிவிடுகிறேன்.

வாட்டர் பம்பில் லேசாகச் சத்தம் வருகிறது. அதை மாற்றிவிட்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டலாம் என்றிருக்கிறேன்.