காசு குறைவு, பல் செலவு அதிகம்: எந்த வழியில் என்ன கிடைக்கும், என்ன போகும்

பல் மருத்துவர் எழுதித் தரும் மொத்தத் தொகையைப் பார்த்ததும் மனம் இரண்டு பக்கம்தான் ஓடும். வலிக்கிற பல்லையெல்லாம் பிடுங்கிவிடலாம் என்பது ஒன்று. மாத்திரை போட்டுக்கொண்டு முடிந்தவரை ஓட்டலாம் என்பது இன்னொன்று. காப்பீடு இல்லை, கிரெடிட் கார்டு இல்லை, வங்கியில் கேட்டாலும் கிடைக்காது என்ற நிலையில் இருப்பவருக்கு வேறு வழியே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன.

அவற்றை எடைபோட நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. இப்போது எவ்வளவு செலவு? இந்த முடிவால் பின்னால் எந்த வழி அடைபடும்? இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. தற்காலிகமாக அடைத்து வைத்த பல்லுக்குச் சில மாதம் கழித்துப் பணம் சேர்ந்ததும் கேப் (பல்லை முழுக்க மூடும் உறை) போட்டுக்கொள்ளலாம். சொத்தைக்காகப் பிடுங்கிய பல் போனது போனதுதான். அந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்கலாம், அதற்கும் தனிச் செலவு.

ஒரேயடியாகவா, கட்டம் கட்டமாகவா

ஒரே தாளில் எழுதியிருப்பதால் எல்லா வேலையும் ஒரே அவசரம் என்று ஆகிவிடாது. மருத்துவர்கள் படிக்கும்போதே கற்றுக்கொள்ளும் வரிசை ஒன்று உண்டு. முதலில் வலியும் சீழும். அடுத்து பரவிக்கொண்டிருக்கும் சொத்தையை நிறுத்துவது, ஈறைச் சுத்தம் செய்வது. அதன்பிறகே கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) போன்ற நிரந்தர வேலைகள். விழுந்த பல்லுக்கு மாற்று வைப்பது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். செலவு கூடுவதும் இந்தப் பின்பாதியில்தான். முன்பாதியை மட்டும் இப்போது முடித்தாலே வாய் மேலும் கெடாமல் நிற்கும், பணம் சேர்க்க அவகாசம் கிடைக்கும்.

அதனால் மொத்தத் தொகையைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள். எந்தப் பல்லுக்கு என்ன வேலை, அதற்கு எவ்வளவு என்று பல் வாரியாக எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது மறுபடி எடுக்கும் செலவு பெரும்பாலும் மிச்சமாகும். பிறகு நேராகக் கேளுங்கள்: "டாக்டர், இதில் ஆறு மாதம் தள்ளிப்போட்டால் எது கெட்டுப்போகும், எது அப்படியே இருக்கும்?" கையில் இருக்கும் தொகையையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். நோயாளியின் நிலை தெரியாதபோது மருத்துவர் ஆகச் சிறந்த திட்டத்தைத்தான் எழுதுவார், அது அவர் கடமை. தொகை தெரிந்தால் அதற்குள் அடங்கும் திட்டத்தையும் அவரால் எழுத முடியும்.

சொத்தையை நிறுத்துவதிலும் விலை குறைந்த வழிகள் உண்டு. சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தை மீது தடவினால் பல சொத்தைகள் அங்கேயே நின்றுவிடும், துளைபோடவும் தேவையில்லை. தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துப்போகும் என்பதே பெரிய குறை. கடைவாய்ப் பல்லில் யார் பார்க்கப் போகிறார்கள்? கண்ணாடி அயனோமர் சிமென்ட் என்பது இன்னொன்று. பல்லோடு வேதியியலாக ஒட்டும், கொஞ்சம் ஃபுளோரைடும் கசியவிடும். மின்சாரம்கூட இல்லாத ஊர்களுக்காக 1980களில் தான்சானியாவில் உருவான முறையில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இந்தச் சிமென்டால்தான் அடைப்பார்கள். பெரிய ஓட்டைகளில் நிரந்தர ஃபில்லிங் அளவுக்கு அது தாங்காது. அந்தத் திரவத்தையும் இந்தச் சிமென்டையும் உலக சுகாதார அமைப்பு 2021இல் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஏழைகளுக்கான அரைகுறை வைத்தியம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் சொத்தை நரம்பு வரை போய், இரவில் தானாக வலிக்கத் தொடங்கியிருந்தால் இவை உதவாது.

வேர் சிகிச்சையா, பிடுங்குவதா

பணம் இல்லாதவர் அதிகம் தடுமாறும் இடம் இது. பிடுங்குவது ஒருமுறைச் செலவு, அதுவும் குறைவு. பல்லின் உள்ளே கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சைக்கு (ரூட் கெனால்) இரண்டு மூன்று முறை போகவேண்டி வரலாம், மேலே கேப் செலவு வேறு. அன்றைய கணக்கில் பிடுங்குவதுதான் ஜெயிக்கும். அந்த இடத்தில் பிறகு பல் வைக்க நினைத்தால் கணக்கு தலைகீழாகும்: பிரிட்ஜோ இம்பிளாண்டோ (தாடை எலும்பில் திருகு பொருத்தி அதன்மேல் வைக்கும் பல்) வேர் சிகிச்சையையும் கேப்பையும் விடப் பெரும்பாலும் அதிகமாகவே வரும். பிடுங்குவது மலிவு என்பது, அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடச் சம்மதித்தால் மட்டும்தான்.

அப்படி விடலாமா? எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. ஞானப்பல் போனால் மாற்று வேண்டியதில்லை. கடைசிக் கடைவாய்ப் பல் போனாலும் பெரும்பாலானவர்கள் சிரமமில்லாமல் மென்று சாப்பிடுகிறார்கள். நெதர்லாந்தின் பல் மருத்துவ ஆய்வாளர் கய்சர் 1981இல் இதை ஆராய்ந்து எழுதினார்: முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் ஒன்றையொன்று சந்தித்தால், பின்னால் உள்ளவை இல்லாமலே பலரால் சமாளிக்க முடிகிறது. ஜப்பான் 1989இல் தொடங்கிய இயக்கத்தின் இலக்கும் 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பதுதான், 32 அல்ல. எல்லா இடைவெளியையும் நிரப்பியே ஆகவேண்டும் என்ற பயத்தில் கடன்படத் தேவையில்லை.

ஆகவே என் தீர்ப்பு இப்படிப் பிரியும். கடைசிக் கடைவாய்ப் பல், அதுவும் பாதி உடைந்தது, கையில் பணமும் இல்லை என்றால் பிடுங்குவது நியாயமான முடிவு. முன்பல், கோரைப் பல், முதல் பெரிய கடைவாய்ப் பல் என்றால் எப்படியாவது காப்பாற்றப் பாருங்கள். ஈறுக்குக் கீழே வரை பிளந்துவிட்ட பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வதோ பணத்தை வீணாக்குவது. எந்தப் பல்லானாலும் அப்படிப் பிளந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

நடுவழியும் உண்டு. முதல் நாளில் பல்லைத் திறந்து, நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தாலே வலி பெரும்பாலும் அடங்கிவிடும். மீதியைச் சில வாரத்தில் முடிக்கலாம். அந்தத் தற்காலிக அடைப்பை வலி போய்விட்டதே என்று மாதக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அது தேய்ந்து, எச்சில் உள்ளே புகுந்து, செய்த வேலை முழுவதும் பாழாகும். வேர் சிகிச்சை முடிந்தபின் கேப்பைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டியிருந்தால், பல்லின் முனைகளையும் மூடும்படி கெட்டியான ஃபில்லிங் போடமுடியுமா என்று கேளுங்கள். ஆனால் கடைவாய்ப் பல்லில் கேப் போடாமலே இருந்துவிடாதீர்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. முன்பல்லில் ஓட்டை சிறியதாக இருந்தால் ஃபில்லிங் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பின்பக்கப் பல்லுக்கு முழு உலோகக் கேப் கேட்டுப் பாருங்கள். பல்லை அதிகம் செதுக்க வேண்டியதில்லை, உடையாது, விலையுயர்ந்த உலோகம் இல்லையென்றால் பீங்கானைவிடக் குறைவாகவும் வரும்.

போன பல்லுக்குப் பதில்

கழற்றி மாட்டும் அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) பல் செட் இருப்பதில் மலிவு. பழகும்வரை வாயில் ஏதோ அடைத்ததுபோல் இருக்கும், நன்றாகக் கடிக்க முடியாது. ஆனால் எந்த வழியையும் அடைப்பதில்லை என்பதால் பணம் சேரும்வரை இதையே போட்டுக்கொள்ளலாம். வழக்கமான பிரிட்ஜுக்கு இரு பக்கமும் உள்ள நல்ல பற்களைச் செதுக்கவேண்டும். செதுக்கிய எனாமல் மீண்டும் வளராது. அவற்றில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங் இருந்தால் பிரிட்ஜ் பொருத்தம். சொத்தையே இல்லாத பற்களை அதற்காகப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முன்பல் ஒன்று மட்டும் போயிருந்தால், பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒற்றைச் சிறகை ஒட்டி நிறுத்தும் மேரிலாண்ட் பிரிட்ஜ் இருக்கிறது. செதுக்கல் மிகக் குறைவு, கழன்றால் மறுபடி ஒட்டலாம். பல இடங்களில் இதைப் பற்றிச் சொல்வதே இல்லை, நீங்களே கேட்கவேண்டும்.

இம்பிளாண்ட் பக்கத்துப் பற்களைத் தொடாது, நீடித்து உழைக்கும். பிரனமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் 1965இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகுகளைப் பொருத்தியதில் தொடங்கியது அது. விலை கேட்கும்போது திருகுக்கு மட்டும் சொல்கிறார்களா, மேலே வரும் இணைப்பு, கேப், ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு சேர்ப்பது எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள். தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு: பல் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஓராண்டில் ஏறத்தாழ பாதி குறையலாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. கீழ்த்தாடையில் பற்களே இல்லாமல் செட் நழுவிக்கொண்டே இருப்பவருக்கு வாய் முழுக்க இம்பிளாண்ட் வேண்டியதில்லை. இரண்டே இம்பிளாண்ட்டில் செட்டைப் பிடித்து நிறுத்துவதே முதல் தேர்வாக இருக்கவேண்டும் என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள்.

எங்கே செய்துகொள்வது

போகக்கூடிய இடங்களில் பல் மருத்துவக் கல்லூரிக்குத்தான் என் முதல் ஓட்டு. மாணவர் செய்வார், ஆசிரியர் படிப்படியாகப் பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்த படி. அவசரப்படுத்த ஆள் இல்லாததால் வேலை பல நேரம் நிதானமாகவே நடக்கும். வேர் சிகிச்சை, இம்பிளாண்ட் போன்றவற்றை முதுநிலை மாணவர்களிடம் கேளுங்கள். அங்கே நீங்கள் கொடுக்கும் விலை நேரம்: தனியார் கிளினிக்கில் ஒரு மணியில் முடிவதற்கு அரைநாள் ஆகும், வரவும் பல முறை. நாள் சம்பளத்தில் இருப்பவர் போன கூலியையும் கூட்டிப் பார்க்கவேண்டும். அப்படியும் பெரிய வேலைகளில் கல்லூரி கைகொடுக்கும், சின்ன ஃபில்லிங்குக்குப் பக்கத்துக் கிளினிக்கே லாபமாக இருக்கலாம்.

இலவச முகாம்கள் பரிசோதனைக்கும், சிறு ஃபில்லிங்குக்கும், பிடுங்குவதற்கும் நல்லவை. பல முறை வரவேண்டிய வேலையை அங்கே தொடங்காதீர்கள்.

தனியார் கிளினிக்கில் தவணை என்றால் இரண்டு வகை. கிளினிக்கே வட்டியில்லாமல், ஒவ்வொரு முறை வரும்போதும் செய்த வேலைக்கு வாங்கிக்கொள்வது ஒன்று. பல் வேலை இயல்பாகவே பல அமர்வுகளாகப் பிரிவதால் கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் உண்டு. எழுதி வாங்கிவிடுங்கள். வரவேற்பு மேசையில் நீட்டப்படும் நிதி நிறுவனத்துப் படிவம் இன்னொன்று. அது கடன்தான், ஒரு தவணை தவறினால் வட்டி எப்படி ஏறும் என்று தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது. முழுத் தொகையை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வேலை பாதியில் நின்றால் கேட்பதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது.

விலை குறைந்த நாட்டுக்கோ தொலைவான ஊருக்கோ போவது ஒரு பல்லுக்கு என்றால் பயணச் செலவிலேயே கரைந்துவிடும். பல இம்பிளாண்ட்டுகள் என்றால் யோசிக்கலாம். ஆனால் திருகு எலும்போடு சேர வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் விடுவதால் இரண்டு பயணமாவது கணக்கில் வரும், திரும்பி வந்தபின் சிக்கல் வந்தால் பார்ப்பவர் யார் என்பதும் முன்பே தெரியவேண்டும். ஒரே வாரத்தில் வாய் முழுக்கக் கேப் என்ற விளம்பரம் என்றால் விலகிவிடுங்கள். நல்ல பற்களைச் செதுக்கித்தான் அதைச் செய்வார்கள், அதில் சில பற்களின் நரம்பு பின்னால் செத்து வேர் சிகிச்சையில் முடியும்.

பட்டம் இல்லாதவர், சட்டென இறுகும் அக்ரிலிக்கைப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிப் 'ஃபிக்ஸ்டு பல்' வைத்துத் தருவதும் உண்டு. இதை ஒரு வழியாகவே எண்ணக்கூடாது. அடியில் சுத்தம் செய்ய முடியாமல் ஈறு அழுகி, பிடித்திருந்த நல்ல பற்களும் சேர்ந்து போகும்.

பணம் சேரும்வரை

காத்திருக்கும் காலத்தில் ஃபுளோரைடு பற்பசையால் இரண்டு வேளை தேய்த்து, நுரையைத் துப்பியபின் தண்ணீர்விட்டுக் கொப்பளிக்காமல் விடுங்கள். சொத்தை வேகமாகப் பரவும் வாய் என்றால் ஃபுளோரைடு அதிகமுள்ள 5000 பிபிஎம் பற்பசை எழுதித் தரமுடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இனிப்பை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதை நிறுத்துங்கள்.

வலிக்கு ஆன்டிபயாடிக்கா, வலி மாத்திரையா என்றால் வலி மாத்திரைதான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு போன்ற தடை இல்லாதவர்களுக்கு இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து பல்வலிக்கு நன்றாகவே வேலை செய்யும். நரம்பு வீங்கிய வலியை ஆன்டிபயாடிக் குறைக்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் பெரும்பாலான பல்வலிக்கு அதைத் தரவேண்டாம் என்றே சொன்னது. கடுமையான வலி திடீரென்று தானாக நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று எண்ணிச் சேமிப்பை வேறு செலவுக்கு எடுத்துவிடாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம், சீழ் அடுத்து வரும்.

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருக்கிறது என்றால் அந்த நேரத்தில் எந்த ஒப்பீடும் வேண்டாம். பல் கிளினிக் திறக்கும்வரைகூடக் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.