காவலூர் வானாய்வகம்: மேகம் இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள்

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடியை நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள் என்று நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்த கருவிகளில் இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. சரி, அதிலெல்லாம் நாம் கண் வைக்க முடியாது, அவை ஆராய்ச்சிக்கு. பார்வையாளர்களுக்குச் சின்னத் தொலைநோக்கிதான், ஆனால் அதிலேயே சனியின் வளையம் கோளை ஒட்டாமல் தனியாகத் தெரியும்! ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் (கேலக்ஸி) மட்டும் வெறும் மங்கல் திட்டு. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவாயிற்றே. பௌர்ணமியைத் தவிருங்கள், அப்புறம் ஸ்வெட்டர் அவசியம்.