விக்கிற பவரா, பாத்துக்கிற பவரா?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன பத்து மா நிலம் இருக்கிறது. (ஒரு மா என்றால் 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட்.) சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு குத்தகையையும் வரியையும் எப்படிப் பார்ப்பது? இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, சித்தப்பா பேருக்கு ஒரு பவர் (எனக்குப் பதிலாக அவர் செய்யலாம் என்று அதிகாரம் கொடுக்கிற பத்திரம்) அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தடவை ஊருக்குப் போனால் அது பீரோவில் அப்படியே கிடக்கிறது. வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டுமாம். எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சரி, நேரில்தான் வந்தாயிற்றே, புதிதாக எழுதிவிடலாம் என்று பத்திர எழுத்தரிடம் போனோம்.

எடுத்த எடுப்பில் அவர் கேட்டார்: "விக்கிற பவரா, பாத்துக்கிற பவரா?"

பழையதை எடுத்துக் காட்டினேன். இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவம். விற்க, அடமானம் வைக்க என்று எல்லா அதிகாரமும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்ட நான் அதைப் படிக்கவே இல்லை. சித்தப்பா பதறிவிட்டார். "விக்கிற அதிகாரம் எனக்கு வேணாம் தம்பி. நாளைக்கு எவனாவது ஒண்ணு சொன்னா யாரு பதில் சொல்றது?"

குத்தகை வாங்க, வரி கட்ட, பட்டா வேலைக்கு மனுப் போட என்று அளவாக எழுதினோம். "முடியாதப்போ என் பையன் கையெழுத்துப் போடலாமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"கூடாதுங்க. உங்களை நம்பிக் கொடுத்தது, நீங்கதான் செய்யணும். அவர் கேட்டா கணக்குக் காட்டணும். அந்த நிலத்தை நீங்களே குத்தகைக்கு எடுக்கிறதுன்னாலும் அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா பவரும் அதோட போச்சு." கடைசி வரியைச் சொல்லும்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பதிவு அலுவலகத்தில் டோக்கன், போட்டோ, விரல் ரேகை, இரண்டு சாட்சி. பகல் பொழுது போனது, அவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று சித்தப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். போன சம்பாக் குத்தகை, நிலவரி, வாய்க்கால் வெட்டிய கூலி, ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தது வரை தேதி போட்டு எழுதியிருந்தார். செல்லாத பவருக்கும் கணக்கு! கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் போனேன். நோட்டைப் பிடுங்கி முதல் பக்கத்துக்குத் திருப்பி, "படிச்சிட்டுப் போடு" என்றார்.