மருதானையில் வாங்கிய கடவுள்கள்

கொழும்பு மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி 450 ரூபாய்க்கு எடுத்தேன், ரொஜர் செலாஸ்னியின் ‘லோர்ட் ஒஃப் லைட்’. 1967இல் வந்த ஆங்கில விஞ்ஞானப் புனைகதை நாவல், அடுத்த வருடம் அந்த வகை எழுத்துக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. கடைக்காரர் “எல்லாப் பக்கமும் இருக்கு சேர்” என்றார், வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் நான்கு பக்கம் இல்லை. சரி, அதை விடுவோம்.

வேற்றுக் கிரகத்தில் குடியேறிய விண்கப்பல்காரர்கள் சிலர் தொழில்நுட்பத்தைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பிரம்மா, யமன், காளி, அக்னி என்று பெயர் சூட்டி மற்றவர்களை ஆள்கிறார்கள். மனதை உடல்விட்டு உடல் மாற்றும் இயந்திரம்தான் அங்கே மறுபிறப்பு. அதற்குமுன் உங்கள் மனதைத் துருவிப் பார்த்துத்தான் அடுத்த உடலைத் தீர்மானிப்பார்கள், சித்திரகுப்தன் கணக்கை மெஷினில் போட்ட மாதிரி. காசு போட்டுப் பிரார்த்திக்கும் இயந்திரம்கூட உண்டு! இவர்களை எதிர்க்கும் கதாநாயகன் சாம் கையிலெடுப்பது புத்தரின் போதனையை. கோயிலையும் விகாரையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வளர்ந்த கொழும்புக்காரருக்கு அந்த இடம் வேறு மாதிரிப் படும்.

யமன் பிரமாதம், ஆயுதம் செய்யும் மேதை. காளிதான் எனக்கு ஒட்டவில்லை. கொழும்பு முகத்துவாரத்துக் காளியம்மனிடம் பயத்தோடு ஓர் உரிமையும் வரும், “என்னம்மா இப்படிச் செய்துவிட்டாய்” என்று சண்டை பிடிக்கலாம். இந்தக் காளியிடம் அழகும் கொடூரமும்தான், தாயைக் காணவில்லை.

முதல் அத்தியாயமே கதையின் பிற்பகுதி, தலை சுற்றினாலும் தொடருங்கள். வாங்கும்போது பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.