மலைநாட்டுப் பயணத்துக்கு எந்த மேக்ரோ லென்ஸ்?

பூச்சி, பூ போன்றவற்றை மிக அருகில் பெரிதாக எடுப்பதுதான் மேக்ரோ லென்ஸ். நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகு அதைத் தேடாதீர்கள். ஹட்டன், நுவரெலியா ஸ்டூடியோக்களில் கடவுச்சீட்டுப் படமும் கல்யாண அல்பமும் அருமையாக முடியும். மேக்ரோ லென்ஸ் கேட்டுப் போகும் இடம் அதுவல்ல. வாங்குவதோ வாடகையோ, கொழும்பிலேயே முடித்துவிட்டு ரயில் ஏறுங்கள். வாடகைக்காரர் கடவுச்சீட்டைக் கேட்டால் பிரதியோடும் முற்பணத்தோடும் பேசி முடியுங்கள், மூலத்தைக் கொடுக்க வேண்டாம்.

60 மி.மீ. மேக்ரோவும் 100 மி.மீ. மேக்ரோவும் பெரும்பாலும் 1:1 வரை தரும். பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் சென்சரில் விழும். வேறுபாடு இடைவெளியில்தான். 60இல் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஏறத்தாழ 10 செ.மீ.; லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும், தும்பி எழும்பிவிடும். 100இல் 13 முதல் 15 செ.மீ. கிடைக்கிறது. 180இல் இன்னும் தாராளம், ஆனால் ஏறத்தாழ ஒரு கிலோவோ அதற்கு மேலோ கனம். தேயிலைச் சரிவில் ஒரு கையால் செடியைப் பிடித்து நிற்பவருக்கு அது தண்டனை. டாம்ரன் 90, கெனன் 100, நிக்கன் 105 வரிசையில் ஒன்று போதும். ஹோட்டன் சமவெளியின் கொம்பு ஓணானுக்கு 1:1 தேவையே இல்லை. பாதையை விட்டு இறங்காமல் அதை எடுக்கவும் 90 முதல் 105 வரையான நீளம் தோதானது.

செலவைக் குறைக்க, 8 டயொப்டர் (வில்லையின் வலுவைச் சொல்லும் அலகு) குளோசப் வில்லையை 70–200 மி.மீ. சூம் லென்ஸின் முகப்பில் மாட்டலாம். 200இல், ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் பூச்சி சென்சரில் 1.6 மடங்கு பெரிதாக விழும். இடைவெளி 12 செ.மீ. அளவிலேயே நிற்கும், கூட்டவோ குறைக்கவோ பெரிதாக முடியாது.

பழைய லென்ஸ் வாங்கும்போது டோர்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் பூஞ்சணம். எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். வெளிச்சம் நுழையும் துளையைத் திறந்து மூடும் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் அப்படியே. தூரத்தில் ஃபோகஸ் சரியாக இருந்துவிட்டு 1:1இல் தடுமாறும் லென்ஸ்களும் உண்டு, ஆகவே கடையிலேயே ஒரு நாணயக் குற்றியின் எழுத்தை 1:1இல் படம் பிடித்துப் பார்த்தே காசைக் கொடுங்கள்.

1:1இல் துளையை எஃப் 11க்கு (எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தாலும் முழுச் சட்டக் கமராவில் (36×24 மி.மீ. சென்சர்) கூர்மை 1.3 மி.மீ. ஆழம்தான். எஃப் 22க்கு மூடினால் ஆழம் கூடும், படம் முழுதும் மழுங்கும். மூடுபனியில் வெளிச்சம் போதாது. 1/200 வேகத்தில் ஃபிளாஷ், அதன் முன் மெல்லிய வெள்ளைப் போம் தாள். ஜனவரி முதல் மார்ச் வரை, விடிகாலைப் பனியில் நனைந்த தும்பி வெயில் ஏறும்வரை அசையாது. அந்த நேரம்தான் நேரம். காலில் ஏறும் அட்டைக்கு உப்பை மறக்க வேண்டாம்.

குளிரிலிருந்து அடுப்பெரியும் குசினிக்குள் கமராவைத் திறந்தபடி கொண்டுபோனால் கண்ணாடி வியர்க்கும். அரை மணி பையிலேயே மூடி வையுங்கள். சேமிக்க இறுக்கமாக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் பைகளை எடுத்துவிடுவார்கள், கமராவைப் பொதிய அவற்றை நம்பிப் போக வேண்டாம். ஈரத்தை உறிஞ்சினால் நிறம் மாறும் வகை ஜெல்லானால், மாறியதும் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறிய பின் பெட்டிக்குள் போடுங்கள். அந்தச் சட்டியில் பிறகு சமைக்கக் கூடாது.