கணுக்கால் சுளுக்கு: ஐஸா, வெந்நீர் ஒத்தடமா?

கணுக்கால் பிசகி வீங்கினால் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது வெந்நீர்தான். கூடவே எண்ணெய் தேய்த்து நீவிவிட யாராவது வந்துவிடுவார்கள். தயவுசெய்து முதல் இரண்டு மூன்று நாளுக்கு இரண்டுமே வேண்டாம். மூட்டைப் பிணைக்கும் நார் கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்திருக்கும். சூடு பட்டால் ரத்தநாளங்கள் விரிந்து வீக்கம் கூடும்.

அந்த நேரத்துக்கு ஐஸ்தான் சரி. ஆனால் அது வலியைத்தான் மரக்கச் செய்கிறது, காயத்தை ஆற்றுவதில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் முன்வைத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். அதனால் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஐஸும் ஆபத்து, சூடும் ஆபத்து.

வீக்கம் வடிந்து விறைப்பு மட்டும் மிஞ்சும்போது ஒத்தடம் இதமாக இருக்கும். அப்புறம் பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். காலை மீட்பது அந்த அசைவுதான்.

நான்கு அடிகூட வைக்க முடியவில்லையா, கணுக்கால் எலும்பைத் தொட்டு அழுத்தினால் வலிக்கிறதா? உடனே எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.